இரண்டு கடிகாரங்கள்: அலாரம் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த தங்கைக்கு



ரொறன்ரோ நகரின் ஸ்காபரோவில் ஒரு வீட்டின் பின்கதவு திறக்கிறது. கதவு நிலையில் பூட்டியிருக்கும் காந்த உணரி அதைச் சுவரில் உள்ள பெட்டிக்குச் சொல்கிறது. பெட்டி அனுப்பும் செய்தியில் இந்த ஒன்பது இலக்கங்கள் இருக்கும்: 1 130 01 003. 'கொன்ராக்ட் ஐடி' என்ற குறியீட்டு முறையில் 130 என்றால் களவு. முன்னால் நிற்கும் 1 புதிய நிகழ்வைக் குறிக்கும். கடைசி மூன்று இலக்கங்கள் எந்தக் கதவு, எந்த யன்னல் என்று காட்டும். உமது திரையில் அது ஒரு சிவப்பு வரியாக வந்து நிற்கும். வீட்டுக்காரர் நாயை வெளியே விடுவதற்காகத் திறந்தாரா, வேறு யாரும் உடைத்தார்களா என்பது அந்த இலக்கங்களில் இல்லை. அதைக் கண்டுபிடிப்பதற்குத்தான் உமக்குச் சம்பளம்.

பயிற்சிக் காலத்தில் மென்பொருளைப் படிப்பிப்பார்கள். வாடிக்கையாளரிடம் சொல்லவேண்டிய வசனங்களை மனப்பாடம் செய்யவைப்பார்கள். நிர்வாகம் எதை எண்ணுகிறது, எதை எண்ணாமல் விடுகிறது, ஏன் அப்படி என்பதை மட்டும் யாரும் படிப்பிப்பதில்லை. இந்தக் கடிதம் அதைப் பற்றியது.

இது பழைய வியாபாரம். 1858-இல் பொஸ்ரன் நகரில் எட்வின் ஹோம்ஸ் என்பவர் மின்சாரக் களவு அலாரத்தை விற்கத் தொடங்கினார். கருவியை வடிவமைத்துக் காப்புரிமை எடுத்தவர் அகஸ்டஸ் போப் என்ற இன்னொருவர். ஹோம்ஸ் அந்தக் காப்புரிமையை விலைக்கு வாங்கினார். பிறகு வீடுகளிலிருந்தும் கடைகளிலிருந்தும் கம்பிகள் ஒரே அலுவலகத்துக்கு இழுக்கப்பட்டு, இரவு முழுவதும் ஒரு ஆள் அங்கே விழித்திருக்கும் முறை வந்தது. 1874-இல் 'அமெரிக்கன் டிஸ்ட்ரிக்ட் டெலிகிராஃப்', இன்றைய ஏடிரி, உருவானது. 1966-இல் ஏடிரி, ஹோம்ஸ் உள்ளிட்ட நிறுவனங்களைத் தன் கையில் வைத்திருந்த கிரினெல் நிறுவனம், அங்கீகாரம் பெற்ற அலாரம் நிலையச் சேவையின் 87 சதவீதத்தைப் பிடித்து வைத்திருந்ததாகக் கண்டு, அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏகபோகம் என்று தீர்ப்பளித்தது.

அன்றும் இன்றும் பணம் வருவது மாதச் சந்தாவில். அலாரம் நிறுவனங்கள் கைமாறும்போது விலை பேசப்படுவதும் மாத வருமானத்தை இத்தனையால் பெருக்கு என்ற கணக்கில்தான். வாடிக்கையாளர் ஒருவர் கூடினால் அந்தக் கணக்கில் வரவு. அவருடைய அலாரத்தைப் பார்க்க ஒரு ஊழியர் கூடினால் செலவு. பெரும்பாலான முகாமையாளர்கள் கெட்ட மனிதர்கள் இல்லை. அவர்களுக்கு மேலே இருப்பவர் அனுப்பும் தாளில் நீர் செலவு நிரலில் இருக்கிறீர், அவ்வளவுதான். சில நிலையங்கள் நூற்றுக்கணக்கான சிறு அலாரம் கடைகளுக்காக மொத்தமாகக் கண்காணிப்பு வேலையை எடுத்துச் செய்கின்றன. அங்கே ஒரே இரவில் பத்து வேறு நிறுவனங்களின் பெயரைச் சொல்லி அழைப்பெடுக்கவேண்டி வரும். வாடிக்கையாளருக்கு உமது நிறுவனம் இருப்பதே தெரியாது.

இனி முக்கியமான விசயம். உமது திரையில் இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. முதலாவது, சமிக்ஞை வந்த கணத்திலிருந்து நீர் பொலிசையோ தீயணைப்புப் படையையோ அழைக்கும் வரைக்குமான நேரம். தீ அலாரங்களுக்கான அமெரிக்கத் தரநூலான என்.எஃப்.பி.ஏ. 72, தீச் சமிக்ஞையை உடனடியாகக் கடத்தச் சொல்கிறது. வழமையான கையாளலுக்கு அதிகபட்சம் 90 வினாடி என்று அதன் விளக்கப் பகுதி கூறுகிறது. கனடாவில் தீச் சமிக்ஞை நிலையங்களுக்கு யூ.எல்.சி. எஸ்561, பொதுவான சமிக்ஞை நிலையங்களுக்கு எஸ்301 என்ற தரநூல்கள் உண்டு. இந்தக் கடிகாரம் வாடிக்கையாளருக்காக ஓடுவது.

இரண்டாவது கடிகாரம், ஒரு அழைப்பில் நீர் செலவழிக்கும் சராசரி நேரம், அழைப்புகளுக்கு இடையில் 'தயாரில்லை' என்ற நிலையில் இருந்த நேரம், கழிவறைக்குப் போய் வந்த நேரம் எல்லாவற்றையும் கூட்டிப் பார்ப்பது. அது சம்பளச் செலவுக்காக ஓடுவது. இரண்டும் ஒரே பலகையில், ஒரே எழுத்தில், ஒரே நிறத்தில் காட்டப்படுகின்றன. மேற்பார்வையாளர் மாதக் கூட்டத்தில் இரண்டையும் ஒரே மூச்சில் வாசிப்பார். புதிதாக வரும் பிள்ளைகள் இரண்டும் ஒன்றென்றே நம்பிவிடுகிறார்கள். முதல் கடிகாரத்துக்கு எழுத்துக்கு எழுத்துப் பணிந்து நடவும். இரண்டாவதைப் பற்றி, ஆதாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தேவையான இடத்தில் வாதாடும்.

வித்தியாசம் எங்கே வெளிப்படும் என்று பாரும். வீட்டுக்காரர் தொலைபேசியை எடுக்கிறார், குரல் சாதாரணமாக இருக்கிறது, கடவுச்சொல்லைக் கேட்டால் வேறொரு சொல்லைச் சொல்கிறார். சராசரி நேரத்தைக் குறைக்கத் துடிக்கும் ஊழியர், "அது இல்லையே, இன்னொருமுறை யோசித்துப் பாருங்கள்" என்று உதவி செய்யப் போவார். கோப்பைத் திறந்து பார்த்தால், அந்தச் சொல்தான் அவர் முன்கூட்டியே பதிந்து வைத்த மிரட்டல் சொல்லாக இருக்கலாம். பக்கத்தில் ஒருவன் கத்தியோடு நிற்கலாம். அந்த இடத்தில் நன்றி சொல்லி, எல்லாம் சரி என்ற தொனியில் வைத்துவிட்டு, அடுத்த கணம் பொலிசை அழைக்கவேண்டும். கடையிலிருந்து கொள்ளை அலாரம் வந்தால் கடைக்கு அழைப்பெடுக்கவே கூடாது. அங்கே மணி அடித்தால் காசாளர் அலாரத்தை அழுத்தியது கொள்ளையனுக்குத் தெரிந்துவிடும். கடவுச்சொல்லின் ஒரு எழுத்தைக்கூட நீராகச் சொல்லிக் கொடுக்கவும் கூடாது. இவற்றுக்கு ஐந்து வினாடி கூடச் செலவாகும். அந்த ஐந்து வினாடிக்காக மதிப்பெண் குறைந்தால் குறையட்டும்.

எத்தனை பேர் வேலையில் இருக்கவேண்டும் என்பதை நிர்வாகம் கணக்குப் போட்டே தீர்மானிக்கிறது. கோப்பன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை செய்த ஏர்லாங் என்ற கணிதவியலாளர் 1909-இலும் 1917-இலும் வெளியிட்ட கட்டுரைகளிலிருந்து வளர்ந்த கணக்கு அது. உலகம் முழுவதும் அழைப்பு நிலையங்கள் இன்றும் அதைத்தான் நம்புகின்றன. அதற்குள் ஒரு அனுமானம் இருக்கிறது: ஒவ்வொரு அழைப்பும் மற்ற அழைப்போடு சம்பந்தமில்லாமல் தற்செயலாக வருகிறது. வங்கிக்கு வரும் அழைப்புகளுக்கு அது ஓரளவு சரி. அலாரத்துக்கு அது பொருந்தாத நாள்கள் உண்டு. 2003 ஓகஸ்ட் 14-ஆம் திகதி ஒன்ராறியோவிலும் அமெரிக்காவின் வடகிழக்கிலும் சுமார் 5 கோடிப் பேருக்கு ஒன்றாக மின்சாரம் போனது. 2022 ஜூலை 8, வெள்ளி விடியற்காலை ரோஜர்ஸ் வலையமைப்பு விழுந்தது. கைபேசி, இணையம், கடைகளில் டெபிட் அட்டை எல்லாம் நின்றன, அந்த வலையமைப்பின் வழியாகப் பேசிய அலாரக் கருவிகளும் ஊமையாகின. இப்படியான நாளில் மின்தடை, பற்றரி, தொடர்பு அறுந்தது என்ற வரிகள் திரையை நிரப்பும். அவற்றுக்கு நடுவே உண்மையான தீ ஒன்று ஒரு வரியாக வரும்.

மென்பொருள் தீயையும் கொள்ளையையும் மேலே தள்ளி, பற்றரியைக் கீழே வைக்கும். அந்த வரிசையை நம்பும். வாடிக்கையாளர் கத்துகிறார் என்பதற்காகப் பற்றரிப் பிரச்சினையை முதலில் எடுக்கவேண்டாம். பழுதான பெட்டி ஒன்று ஓயாமல் சமிக்ஞை அனுப்பிக்கொண்டிருந்தால் மேற்பார்வையாளரிடம் சொல்லி அந்தக் கணக்கை, சமிக்ஞைகள் கணக்கில் எடுக்கப்படாத சோதனை நிலையில் போடுவித்து, போட்ட நேரத்தையும் எடுக்கவேண்டிய நேரத்தையும் எழுதிவையும். தொழில்நுட்பவியலாளர் சோதனையில் போட்டுவிட்டு மறந்துபோன கட்டடம் அன்றிரவு காவலில்லாத கட்டடம்.

நல்ல நாளிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அமெரிக்க நீதித் திணைக்களத்துக்காக எழுதப்பட்ட பொலிஸ் வழிகாட்டி ஒன்று, களவு அலாரங்களில் 94 முதல் 98 சதவீதம் பொய் என்று கணக்கிட்டது. பொலிஸ் சலித்துப்போனதில் வியப்பில்லை. சோல்ட் லேக் சிற்றி 2000-ஆம் ஆண்டிலேயே, யாராவது நேரில் பார்த்து உறுதிப்படுத்தாத களவு அலாரத்துக்குப் பொலிஸ் வராது என்று சட்டம் போட்டது. ரொறன்ரோ பொலிஸ் 2018 செப்டம்பரிலிருந்து உறுதிப்படுத்தப்பட்ட அலாரங்களுக்கே வருகிறது. கமெராவில் தெரியவேண்டும், ஒலியில் கேட்கவேண்டும், ஒன்றுக்கு மேற்பட்ட உணரிகள் தூண்டப்படவேண்டும், அல்லது ஒருவர் கண்ணால் கண்டிருக்கவேண்டும். இதன் பொருள், முன்பு பொலிஸ்காரர் வாசலில் நின்று செய்த தீர்மானத்தின் ஒரு பங்கு இப்போது உமது மேசைக்கு வந்திருக்கிறது. பொறுப்பு கூடியது, மேசைக்குக் கொடுக்கும் நேரம் பல இடங்களில் கூடவில்லை.

பொய்யே தொடர்ந்து வந்தால் மனித மூளை என்ன செய்யும் என்பது தெரிந்த விசயம். நோர்மன் மக்வேர்த் என்ற பிரித்தானிய உளவியலாளர் 1948-இல் வெளியிட்ட ஆய்வில், கடிகார முள் எப்போதாவது இரட்டைத் துள்ளல் துள்ளுவதைக் கவனிக்கும்படி ஆட்களை இருத்தினார். ராடர் திரை பார்க்கும் விமானப்படையினரின் பிரச்சினையிலிருந்து பிறந்த ஆய்வு அது. முதல் அரை மணித்தியாலத்துக்குள்ளேயே அவர்கள் தவறவிடத் தொடங்கினார்கள். மருத்துவமனைகளிலும் இதே கதை. அமெரிக்காவின் மருத்துவமனைத் தர அமைப்பான ஜொயின்ற் கமிஷன் 2013-இல் விடுத்த எச்சரிக்கையில், மூன்றரை ஆண்டுகளில் தன்னிடம் பதிவான அலாரம் தொடர்பான 98 சம்பவங்களில் 80 சாவில் முடிந்ததாகச் சொன்னது. அங்கே இருந்தவர்கள் பயிற்சி பெற்ற தாதிகள். சோம்பேறிகள் என்று அவர்களை யாரும் சொல்லமுடியாது.

ஆகவே, கவனம் தளர்வது குணக்கேடு என்று யாராவது உமக்குப் பாடம் எடுத்தால் நம்பவேண்டாம். இடைவேளை எடுப்பது வேலையின் ஒரு பகுதி. ஒன்ராறியோ வேலைத்தரச் சட்டப்படி ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்காமல் 30 நிமிட உணவு இடைவேளை தரவேண்டும். நாளொன்றில் பொதுவாக 11 மணித்தியாலம் தொடர்ச்சியாக ஓய்வு இருக்கவேண்டும். வாரத்தில் 44 மணித்தியாலத்துக்கு மேல் போனால் ஒன்றரை மடங்குச் சம்பளம். உமது நிலையம் ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்தின் பகுதி என்றால் கூட்டாட்சித் தொழிற்சட்டம் பொருந்தக்கூடும்; அங்கே மேலதிக நேரம் 40-க்குப் பிறகே தொடங்கும். எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறீர் என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளும்.

அமெரிக்கத் தரநூல்கள் எந்த நேரமும் குறைந்தது இரண்டு பேராவது வேலையில் இருக்கவேண்டும் என்கின்றன. இரவு மூன்று மணிக்கு அந்தக் குறைந்தபட்சமே பல இடங்களில் அதிகபட்சமாகிவிடும். ஒருவர் கழிவறைக்குப் போனால் மற்றவர் தனியே. அதனால் இரவுக்காரர் தண்ணீர் குடிப்பதையே குறைப்பது இந்தத் தொழிலில் பலருக்கும் தெரிந்த சங்கதி. உடம்பை அப்படி வருத்தவேண்டாம். ஆள் போதாது என்பதை நிர்வாகத்துக்கு எழுத்தில் தெரிவிக்கவேண்டும். உமது சிறுநீரகத்தால் ஈடுகட்டக் கூடாது. இரவு வேலையைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2007-இலும் மறுபடி 2019-இலும் அதை 'பெரும்பாலும் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது' என்ற வகையில் வைத்தது. ஷிப்ட் பட்டியலில் பகலும் இரவும் ஒரே கிழமைக்குள் மாறி மாறி வந்தால் அதை மாற்றித் தரும்படி கேளும். நிலையாக இரவு என்றால் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி, பகலில் அறையை இருட்டாக்கிப் படும். கலியாண வீட்டுக்கு வரவில்லை என்று கோபிப்பவர்கள் கோபிக்கட்டும்.

உம்முடைய ஒவ்வொரு சொல்லும் பதிவாகிறது. தரக் கண்காணிப்பாளர் மாதத்தில் சில அழைப்புகளை எடுத்துக் கேட்டு, வணக்கம் சொன்னாரா, நிறுவனப் பெயரைச் சொன்னாரா, முடிவில் நன்றி சொன்னாரா என்று புள்ளி போடுவார். மிரட்டல் சொல்லைச் சரியாகப் பிடித்த ஊழியர், நன்றி வசனத்தை விட்டதற்காகப் புள்ளி இழப்பதும் உண்டு. 25 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர் உள்ள நிறுவனங்கள், ஊழியரை மின்னணு முறையில் எப்படிக் கண்காணிக்கின்றன, எதற்காக என்பதை எழுத்தில் தரவேண்டும் என்று ஒன்ராறியோ 2022-இல் சட்டம் கொண்டுவந்தது. அந்தச் சட்டம் கண்காணிப்பைத் தடுக்காது, சொல்ல வைக்கும். அந்தத் தாளைக் கேட்டு வாங்கி முழுவதும் வாசியும்.

பதிவு உமக்கு எதிரான ஆயுதமாக மட்டும் இருக்கவேண்டியதில்லை. ஒவ்வொரு நிகழ்விலும் குறிப்பு எழுதும்போது வடிவாக எழுதும்: யாரை, எந்த இலக்கத்தில், எத்தனை மணிக்கு, என்ன சொன்னார். "வாடிக்கையாளர் சரி என்றார்" என்பது குறிப்பல்ல. "02.14, கணவரின் கைபேசி, கடவுச்சொல் சரி, மனைவி பின்கதவைத் திறந்ததாகச் சொன்னார், பின்னணியில் நாய் குரைத்தது" என்பது குறிப்பு. அலாரம் ஒப்பந்தங்களில் நிறுவனத்தின் பொறுப்பைச் சிறு தொகைக்குள் மட்டுப்படுத்தும் வாசகம் வழக்கமாக இருக்கும்; நிறுவனத்துக்கு அது கவசம். உமக்கு அப்படி ஒன்றும் எழுதித் தரப்படவில்லை. விசாரணை என்று வந்தால் உமக்காகப் பேசப்போவது அந்தக் குறிப்பு.

ஒரு நிலையத்தின் நிர்வாகம் எத்தகையது என்பதை, பிழை நடந்த மறுநாள் கண்டுகொள்ளலாம். "யார் ஷிப்டில் இருந்தது?" என்று கேட்டுத் தொடங்கும் இடத்தில், அடுத்த பிழையை எல்லோரும் மறைப்பார்கள். விமானத்துறை இதை நேரத்தோடு விளங்கிக்கொண்டது. அமெரிக்காவில் 1976 முதல் விமானிகளும் கட்டுப்பாட்டாளர்களும் தங்கள் தவறுகளையும் மயிரிழையில் தப்பியவற்றையும் நாசா நடத்தும் ஒரு அமைப்புக்கு இரகசியமாக எழுதலாம். பெயரை நீக்கிவிட்டுப் பாடத்தை எல்லோருக்கும் பகிர்கிறார்கள். அலாரம் நிலையங்களில் அப்படி ஒரு பழக்கம் அரிது. நீரும் உம்மோடு இருப்பவர்களும் ஷிப்ட் மாறும்போது ஐந்து நிமிடம் கதைத்து, இன்றைக்கு எது நழுவப் பார்த்தது என்று சொல்லிக்கொள்ளலாம். அந்த ஐந்து நிமிடத்துக்கும் சம்பளம் கேளும்.

மனதைப் பற்றியும் கொஞ்சம். 1983-இல் வெளிவந்த தன் நூலில் ஆர்லி ஹொக்சைல்ட் என்ற சமூகவியலாளர், விமானப் பணிப்பெண்களையும் கடன் வசூலிப்பவர்களையும் ஆராய்ந்து, உணர்ச்சியை அடக்கிக் காட்டுவதும் கூலிக்குச் செய்யும் உழைப்புத்தான் என்று காட்டினார். நீரும் அதைத்தான் செய்கிறீர். அலறும் தாயிடம் ஒரே குரலில் கதைக்கிறீர், பிறகு தொலைபேசியை வைக்கிறீர். தீயணைப்புப் படை போய்ச் சேர்ந்ததா, பிள்ளை தப்பியதா என்பது உமக்குத் தெரியவராது. அடுத்த சிவப்பு வரி வந்துவிடும். 2016-இல் ஒன்ராறியோ, பொலிஸ், தீயணைப்பு, அம்புலன்ஸ் பணியாளரோடு அவர்களுக்கு அழைப்பைக் கடத்தும் டிஸ்பாச் ஊழியரையும் சேர்த்து, அவர்களுக்கு அதிர்ச்சிக்குப் பிந்திய மன உளைச்சல் நோய் வந்தால் அது வேலையால் வந்ததென்றே எடுத்துக்கொள்ளும் சட்டத்தைக் கொண்டுவந்தது. உம்மிடமிருந்து தகவலை வாங்கும் டிஸ்பாச் ஊழியர் அந்தப் பட்டியலில் இருக்கிறார். தகவலைக் கொடுக்கும் நீர் இல்லை. ஆகவே பாரமான அழைப்பு ஒன்றுக்குப் பிறகு எழுந்து வெளியே போய் வரவேண்டும் என்று தோன்றினால், அதைக் கேட்டுப் போய்வாரும், கேட்டதையும் குறித்துவையும். பெயரையும் உச்சரிப்பையும் சொல்லி ஏசுகிற வாடிக்கையாளரைச் சகிக்கவேண்டியது உமது கடமை அல்ல. வேலைத்தலத் துன்புறுத்தல் வெளியாளிடமிருந்து வந்தாலும், அதை விசாரித்துப் பார்ப்பது நிறுவனத்தின் கடமை.

இந்த நகரில் எங்கள் தமிழ் முதியவர்கள் பலர் கழுத்தில் மருத்துவ அவசர பொத்தானோடு தனியே இருக்கிறார்கள். ஆங்கிலத்தில் கேட்டால் "ஓகே, ஓகே" என்று சொல்லிவிடுவார்கள். உமக்கு அப்படி ஒரு அழைப்பு வந்தால் தமிழிலேயே கேளும்: விழுந்தீங்களா, எங்கே நோகுது, எழும்ப முடியுதா. கேட்டதையும் பதிலையும் ஆங்கிலத்தில் குறிப்பில் எழுதும். பதிவைப் பிறகு கேட்கப்போகிறவருக்குத் தமிழ் தெரியாது. அதே வேளை, சொந்தக்காரர் வீட்டுக் கணக்கை ஆவலுக்காகக்கூடத் திறக்கவேண்டாம். டல்லஸ் பகுதியில் ஒரு அலாரத் தொழில்நுட்பவியலாளர், 200-க்கும் மேற்பட்ட வீடுகளின் கமெராக்களை 9,600 தடவைக்கு மேல் இரகசியமாகப் பார்த்ததாக ஒப்புக்கொண்டார். 2021-இல் 52 மாதச் சிறை கிடைத்தது.

மூன்று மாதம் முடிந்ததும் மதிப்பீட்டுக்குக் கூப்பிடுவார்கள். ஒன்ராறியோ வேலைத்தரச் சட்டப்படி அதுவரை முன்னறிவித்தல் இல்லாமலே ஒருவரை நிறுத்தலாம், ஆகவே அதற்கு முன் பொறுமையாக இரும். கூட்டத்தில் மதிப்பெண்களை வாசித்து முடித்ததும், அமைதியாக மூன்று விசயங்களைக் கேளும். போன மாதம் இரவில் எத்தனை தடவை ஒரே ஒருவர் மட்டும் திரைக்கு முன்னால் இருந்தார்? எனது அழைப்பு நேரச் சராசரியில் தீ, கொள்ளை, மிரட்டல் அழைப்புகளும் சேர்கின்றனவா, சேர்ந்தால் அவற்றைப் பிரித்துக் காட்டமுடியுமா? புயல் நாளில் வீட்டிலிருப்பவர்களை அழைக்கும் பட்டியல் யாரிடம் இருக்கிறது, அதைக் கடைசியாக எப்போது சோதித்தீர்கள்? நல்ல முகாமையாளர் என்றால் மூன்றாவது கேள்விக்கு எழுந்து போய் அந்தப் பட்டியலைத் தேடுவார். இல்லையென்றால் அன்றிரவே அந்தக் கேள்விகளை மின்னஞ்சலில் அனுப்பி, ஒரு பிரதியை உம்மிடம் வைத்துக்கொண்டு, அடுத்த மதிப்பீட்டிலும் அதே ஒழுங்கில் கேளும்.

அன்புடன்,
இந்தத் தொழிலில் உமக்கு முன்னால் வந்த ஒரு அக்கா